வெந்நீரில் மட்டும் ஏன் காவி?

காஞ்சிபுரத்தில் கீசர் ஒரு பருவகாலக் கருவி. மாசி பாதியில் வெயில் ஏறத் தொடங்கியதும் அதன் சுவிட்சை அணைப்பவர்கள், ஐப்பசி மழை இறங்கும்வரை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சித்திரையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரே கையைச் சுடும். அப்போது கீசர் யாருக்கு வேண்டும்? எட்டு மாதம் கழித்து, தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்காக அதைப் போடும்போதுதான் வாளியில் காவி நிறத்தில் தண்ணீர் விழுகிறது. பக்கத்துக் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர் தெளிவாகவே வருகிறது. தலையில் எண்ணெய் வழிய நிற்கும் ஆளுக்கு அது ஆராய்ச்சி நேரம் அல்ல.

ஆகவே தீர்ப்பு உடனே கிடைத்துவிடுகிறது: கீசர் போய்விட்டது. பண்டிகை முடிந்து பழுதுபார்க்க வருபவரும் பெரும்பாலும் அதையே சொல்கிறார். புதிய கீசர் சுவரில் ஏறுகிறது. அடுத்த தீபாவளிக்கு அதே காவி, அல்லது கார்த்திகைக்குள்ளேயே.

கீசரைக் குற்றவாளியாக்குவது எளிது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒரே கருவி அதுதான். ஆனால் நிலத்தடியிலிருந்து வாளிவரை வரும் வழியில் போர், மோட்டார், சம்ப், மாடித் தொட்டி, சுவருக்குள் ஓடும் பைப், கீசரின் இரு பக்கமும் மாட்டிய கனெக்‌ஷன் பைப், கடைசியில் மிக்ஸர் குழாய் என்று தண்ணீர் பல இடங்களில் தங்கி வருகிறது. இவற்றில் எதுவும் நிறம் கொடுக்கலாம். சூடு தானாக நிறத்தை உண்டாக்குவது அபூர்வம். மறைந்திருந்ததை வெளியே இழுத்துப் போடுவதுதான் அதன் வேலை. கேட்க வேண்டிய கேள்வி ‘கீசர் நல்லதா கெட்டதா’ என்பதல்ல, ‘நிறம் எந்த இடத்தில் ஏறியது’ என்பதே.

வெந்நீரும் நிறமும் சந்திக்கும் விஷயத்தில் இந்த ஊருக்கு வெளியார் வந்து பாடம் சொல்லத் தேவையில்லை. காஞ்சிப் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பட்டின் நிறம் முழுக்கச் சுடுதண்ணீரில்தான் ஏறுகிறது. கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலைப் போட்டு அந்தப் பசையை நீக்கிய பிறகுதான் சாயத் தொட்டிக்கு அது போகும். தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகி நூலில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் சாயம் சரியாகப் பிடிக்காது. தண்ணீரில் இரும்பு இருந்தால் வெளிர் நிறங்கள் மங்கும். எந்தத் தண்ணீர் எந்த நிறத்தைக் கெடுக்கும் என்பது சாயக்காரருக்குப் பிழைப்பு. அதே தண்ணீரை வீட்டுக் குளியலறையில் பார்க்கும்போது மட்டும் நாம் ஏனோ கீசர் கம்பெனியைத் திட்டுகிறோம்.

சாயத் தொழிலிலிருந்து இரவல் வாங்கக்கூடிய பழைய ரசாயனம் ஒன்றும் இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில் கறுப்பு நிறத்துக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்துப் புளிக்க விடுகிறார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் அந்தக் கரைசல் பட்டதும் கறுப்பு பிறக்கிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடினால் வரும் கறுப்பு அது. பழைய காலத்து எழுதும் மையும் இதே வகைதான். வீட்டில் இதைச் சோதனையாகவே செய்து பார்க்கலாம். கடுக்காய்ப் பொடி கரைத்த தெளிநீரை இரண்டு டம்ளர்களில் எடுத்து, ஒன்றில் கேன் தண்ணீரும் மற்றொன்றில் சந்தேகப்படும் வெந்நீரும் ஊற்றி கால் மணி நேரம் விட வேண்டும். இரண்டாவது மட்டும் நீலம் கலந்த மை நிறத்துக்குப் போனால் அதில் இரும்பு இருக்கிறது. பால் சேர்க்காத டிகாக்‌ஷன் தேநீரிலும் இது தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரும் தேநீரைச் சற்றுக் கருக்கச் செய்யும் என்பதால் கடுக்காயே மேல். எவ்வளவு இரும்பு என்று இந்தச் சோதனை சொல்லாது. காவி நிறம் இரும்பா, வேறு ஏதாவதா என்ற முதல் சந்தேகத்தைத் தீர்க்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இரும்பு என்று தெரிந்த பிறகும் அது மண்ணிலிருந்து வந்த இரும்பா, வீட்டு பைப்பிலிருந்து கழன்ற இரும்பா என்பது மிச்சமிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு ஆகும் செலவு மற்றொன்றில் வீண்.

மண்ணிலிருந்து வரும் இரும்பு வேடிக்கையானது. காற்றுப் படாத ஆழத்தில் அது நிறமே இல்லாமல் தண்ணீரில் கரைந்திருக்கும். மோட்டார் போட்டு வெளியே எடுத்தவுடன் பார்த்தால் பளிங்குத் தெளிவு. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரச் சேர அது கரையாத துருவாக மாறிக் கீழே இறங்குகிறது. இந்த மாற்றத்துக்கு எடுக்கும் நேரத்தை இரண்டு விஷயங்கள் குறைக்கும். ஒன்று சூடு: மற்றவை மாறாதிருந்தால் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் கூடும்போது வேகம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. மற்றொன்று காரத்தன்மை: பிஎச் அளவு ஒன்று கூடினால் வேகம் 100 மடங்கு. போர் தண்ணீரைக் காய்ச்சும்போது அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பிஎச்சும் சேர்ந்து ஏறுகிறது. சாதாரணக் குழாயில் தெளிவாக விழுந்த அதே தண்ணீர் கீசருக்குள் போய்க் காவியாக வெளிவருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கீசர் அங்கே எந்தக் குற்றமும் செய்யவில்லை. நாளைக்குத் தெரிய வேண்டிய நிறத்தை இன்றே காட்டிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி போதும். போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். காலையில் மஞ்சள் பூத்து அடியில் செம்பழுப்பு வண்டல் இருந்தால் பிறப்பிடம் நிலத்தடி. வேட்டி காவியேறும் வீடுகளிலும், வெள்ளைச் சோறு லேசாகப் பழுப்படிக்கும் வீடுகளிலும் இந்தச் சோதனை பெரும்பாலும் ஏமாற்றாது. துணியில் ஏறிய கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது, சொல்லப்போனால், அந்தக் காவியை நிரந்தரமாக்கும் வழி. குளோரின் இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்கி நூலுக்குள் பதிக்கிறது. எலுமிச்சைச் சாறுதான் அதற்கு மருந்து.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே 0.3-ஐத்தான் வரம்பாக வைத்திருந்தது. 2015-இல் வந்த திருத்தம் அதை 1 மில்லிகிராமாக உயர்த்தியது. அதாவது தரச்சான்றுக்குள் அடங்கும் தண்ணீரும் குளியலறையைக் கெடுக்கலாம். நாளொன்றுக்கு 1,000 லிட்டர் செலவாகும் வீட்டில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் தினம் 1 கிராம் இரும்பு. அது ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து துருவாகும்போது எடை இன்னும் கூடும். ஆண்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் துரு அந்த வீட்டுத் தொட்டிக்கும் பைப்புக்கும் கீசருக்கும் பங்கு பிரிகிறது.

காஞ்சிபுரத்து வீடுகளில் சிக்கல் கூடுவதற்கு இன்னொரு காரணம், அங்கே வருவது ஒரே தண்ணீர் அல்ல. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மணலுக்கு அடியில் ஓடும் நீரைத்தான் ஊர் நம்பியிருக்கிறது. ஊருக்குக் கிழக்கே திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் அதில் சேர்கின்றன. பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் குறித்த நேரத்தில் சம்புக்கு வரும். அது போதாதபோது போர் ஓடும். கோடையில் சில தெருக்களில் லாரி நிற்கும். மூன்றும் ஒரே மாடித் தொட்டியில் விழும். விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீருக்கென்று தனிக் குறை உண்டு: ஓடாத நேரத்தில் காலியான பைப்பின் உட்சுவர் காய்ந்து துருவும் வண்டலும் தளர்கின்றன, அடுத்த முறை வேகமாக வரும் தண்ணீர் அவற்றை வாரிக்கொண்டு வருகிறது. முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை சம்பில் விடாமல் வெளியே விடும் பழக்கம் உள்ள வீடுகள் பாதிப் பிரச்சினையை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

தண்ணீர் மாறினால் பைப் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரம் பாடப்புத்தகமாகிவிட்டது. அந்த நகரம் பல்லாண்டுகள் நிலத்தடி நீரை நம்பியிருந்தது. 1992 நவம்பரில் ஊரின் பெரும்பகுதிக்குக் கொலராடோ ஆற்று நீர் திறந்துவிடப்பட்டது. சுத்திகரித்த நீர்தான், ஆனால் அதன் ரசாயனம் வேறு. பழைய இரும்புக் குழாய்களின் உட்புறம் பல ஆண்டுகளாகப் படிந்து அடங்கிக் கிடந்த துரு கழன்றது. வீடுகளில் பழுப்பும் ஆரஞ்சுமாகத் தண்ணீர் வந்தது, குழாய்கள் வெடித்தன, வாட்டர் ஹீட்டர்கள் பாழாயின. 1994-இல் அந்த விநியோகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. போர் தண்ணீருக்கும் ஆற்று நீருக்கும் வாரத்தில் பல முறை மாறி மாறிப் போகும் ஒரு காஞ்சிபுரத்து வீட்டின் ஜி.ஐ. பைப், சிறிய அளவில், அந்த டூசான் அனுபவத்தை ஓயாமல் படுகிறது.

ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய வீடுகளில் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும் என்பதே அந்தப் பூச்சின் தத்துவம். குளிர்ந்த நீரில் அது உண்மை. ஆனால் நீரின் சூடு ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டும்போது, சில வகைத் தண்ணீரில், காவலனும் காக்கப்படுபவனும் இடம் மாறுகிறார்கள். துத்தநாகம் அப்படியே இருக்க, பூச்சு விட்டுப்போன இடங்களில் இரும்பு குழிகுழியாக அரிக்கத் தொடங்கும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிப் பொருத்திய இரண்டு பைப்புகளில் வெந்நீர்ப் பைப் மட்டும் முதலில் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம். கீசர் தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகி வைக்கும் பழக்கம் அதற்கு உதவி செய்கிறது.

இப்போது வெந்நீருக்கு சி.பி.வி.சி. பைப் போடுகிறார்கள். அது துருப்பிடிக்காது. ‘பைப் எல்லாம் மாத்தியாச்சு, இனிமேல் துருவே வராது’ என்று உறுதி சொல்லப்பட்ட வீடுகளிலும் காவி வருகிறதென்றால், டைல்ஸுக்குப் பின்னால், குழாய் மாட்டும் இடத்தில் விட்டுவைத்த பழைய ஜி.ஐ. எல்போவையும் நிப்பிளையும் சந்தேகிக்க வேண்டும். டைல்ஸை உடைக்கப் பயந்து அந்த நான்கு அங்குலத்தை விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது. அதில் பித்தளைக் குழாயைத் திருகிவிட்டால் இரண்டு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்திருக்கின்றன; இரும்புதான் தோற்கும்.

பைப்பா கீசரா என்பதைச் சுவரை உடைக்காமல் அறிய ஒரு கணக்கு இருக்கிறது. அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் மீட்டருக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் நிற்கும். கீசருக்கும் ஷவருக்கும் நடுவே மூன்று மீட்டர் என்றால் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரவு முழுக்க மூடியிருந்த வெந்நீர்க் குழாயைக் காலையில் திறந்து குவளை குவளையாகப் பிடித்து வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் குவளை மட்டும் காவி, பிறகு தெளிவு என்றால் நிறம் ஏறியது கடைசிப் பைப்பில் அல்லது அந்த நிப்பிளில். காவி தொடர்ந்து வந்து, கீசரின் கொள்ளளவான 15 அல்லது 25 லிட்டரைப் போல ஒன்றிரண்டு மடங்கு போன பிறகு தெளிந்தால் வண்டல் கீசர் வயிற்றில் இருக்கிறது. எவ்வளவு விட்டாலும் தெளியாவிட்டால் மாடித் தொட்டிக்கும் போருக்கும்தான் போக வேண்டும். ஒரு குளியலறையில் மட்டும் வருகிறதா, எல்லாவற்றிலுமா என்பதையும் சேர்த்துக் கேட்டால் விடை இன்னும் நெருங்கும். அடுக்ககமாக இருந்தால் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் விசாரிப்பதே பாதிச் சோதனை.

ஓர் எச்சரிக்கை: தேய்ந்துபோன மிக்ஸர் குழாய் இந்தக் கணக்கைக் குழப்பும். அதன் உள்ளே வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் கசிந்து கலந்தால், கீசரின் காவி சாதாரணக் குழாயிலும் தலைகாட்டும். சோதிக்கும்போது கீசருக்கு அடியிலுள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் தண்ணீர் வந்தால் மிக்ஸர் கசிகிறது.

கீசரையே முற்றாக விடுதலை செய்துவிடவும் முடியாது. சேமிப்பு வகைக் கீசர்களில் பல, எனாமல் பூசிய எஃகுத் தொட்டி கொண்டவை. எனாமலில் ஊசி முனையளவு விரிசல் விழுந்தாலும் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்றை வைக்கிறார்கள். ஆனோடு ராடு என்று கடைகளில் சொல்லப்படும் இது, எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. கரைந்து முடிந்த மறுநாளிலிருந்து தொட்டியின் முறை. இங்கேதான் காஞ்சிபுரத்தின் எட்டு மாத ஓய்வு குறுக்கிடுகிறது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே நிற்கும்வரை தண்டு கரைந்துகொண்டே இருக்கும். ‘வருஷத்தில் நாலு மாசம்தான் ஓடுது, அதுக்குள்ள எப்படிப் போகும்?’ என்று கேட்பவர்கள் தண்டுக்கு விடுமுறை கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு சாஃப்ட்னர் வைத்திருந்தால் தண்டு இன்னும் வேகமாகத் தேயும்.

தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு விருந்தாளிகள் வருகிறார்கள். தண்ணீரிலுள்ள சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயுவை விடுகின்றன. மெக்னீசியத் தண்டு அதற்கு உதவும். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கறுப்புத் தூளாகும். ஆகவே ஐப்பசி முதல் வெந்நீர் கறுத்து, நாறியும் வந்தால் அது பெரும்பாலும் நீண்ட ஓய்வின் விளைவு. நிறுத்தியிருந்த கீசரை முழுக்கக் காலிசெய்து, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒரு முறை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தத் தண்ணீரையும் வெளியே விட்டால் தீர்ந்துவிடும் வகை.

தொட்டி எந்தப் பொருளால் ஆனது என்று கீசரின் லேபிளைப் படிப்பதும் அவசியம். செம்புத் தொட்டியோ துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியோ காவியைப் பிறப்பிக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வகைக் கீசர் உள்ள வீட்டில் காவி வந்தால், மேலே சொன்ன பைப்பையும் போரையும் விட்டுவிட்டுக் கீசரை மாற்றுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

மற்ற நிறங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். வெள்ளையாகக் கலங்கி வரும் வெந்நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைக்கும்போது, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துவந்தால் அது வெறும் காற்று. அடியில் வெள்ளைத் துகள் தங்கினால் சுண்ணாம்பு உப்பு. உப்புத் தண்ணீரைக் காய்ச்சும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகப் படிவதும், அதனால் கீசர் காயில் வெடிப்பதும் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல.

பச்சையும் நீலமும் செம்பின் நிறங்கள். வெந்நீர் அண்டாவும் செப்பு பாய்லரும் புழங்கிய காலத்தில் பாத்திரத்தில் பூக்கும் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்த தலைமுறைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று குழாய் வாயிலும் பேசினிலும் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் பிஎச் குறைந்த தண்ணீர் செம்புத் தொட்டியையோ காயிலின் உறையையோ பித்தளைப் பாகங்களையோ அரிக்கிறது என்று பொருள். மழைநீரை நேராக மாடித் தொட்டிக்கு விடும் வீடுகளும், ஆர்.ஓ. தண்ணீரையே எல்லாவற்றுக்கும் ஓட்டும் வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மென்மையான நீர் உலோகத்துக்கு மென்மையானதல்ல.

கறுப்புத் துகள்களுக்குப் பெரும்பாலும் எல்லோரும் தொட்டியைக் கழுவுகிறார்கள். அவை வருவதோ அடிக்கடி கீசர் கனெக்‌ஷன் பைப்பிலிருந்து. வெளியே பளபளக்கும் எஃகுப் பின்னல், உள்ளே ரப்பர். சூடும் குளோரினும் பட்டுப்பட்டு அந்த ரப்பர் உதிர்கிறது. துகளை விரலால் நசுக்கும்போது மையாக இழுபட்டால் ரப்பர். சில நூறு ரூபாய்க்குள் தீரும் விஷயம். நசுங்காமல் மணலாக நெருடினால் மாங்கனீசாக இருக்கலாம், அதைச் சோதனைக்கூடம்தான் உறுதி சொல்லும். தொட்டி நீரின் மேல் வானவில் படலம் மிதந்தால் டீசல் கலந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். ஒரு குச்சியால் தொட்டால் படலம் சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் வேலை. உடைந்தது மறுபடி கூடிக்கொண்டால்தான் எண்ணெய்.

மஞ்சள் நிறம் கண்டதும் காஞ்சிபுரத்தில் எழும் முதல் பேச்சு தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. அதில் நியாயம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் பாலாற்றில் இந்த ஊருக்கு மேற்கே, நீரோட்டத்தின் மேல்பக்கம் இருப்பவை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். 2025 ஜனவரி 30 அன்று பாலாறு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. ஆனால் வெந்நீரில் மட்டும் தெரியும் நிறத்தைத் தோல் கழிவின் தலையில் போட முடியாது. குரோமியம் கலந்த நீர் நிறம் காட்டுமளவுக்குக் கெட்டிருந்தால் எல்லாக் குழாயிலும் ஒன்றுபோலக் காட்டும். கீசரைத் தேடிப் போகாது. அதைவிட முக்கியமானது, குரோமியத்துக்கு ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதுதான் வீட்டில் உள்ளவர்களின் உண்மையான கவலை. இரும்புக் காவி கலந்த நீரில் குளிப்பதால் பெரிய கேடு இல்லை. சகிக்க முடியாதது கறையும் சுவையும்தான். மாங்கனீசு விஷயத்தில் நிபுணர்கள் முன்பைவிடக் கண்டிப்பாகிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குடிநீருக்கு லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்ற தற்காலிக வரம்பை வைத்தது. கண்டிக்க வேண்டிய பழக்கம் வேறொன்று: கேஸ் மிச்சம் என்று கீசர் வெந்நீரைப் பிடித்து உலை வைப்பதும் காபி போடுவதும். சூடான நீர் பித்தளைப் பாகங்களிலிருந்து ஈயம் உள்ளிட்ட உலோகங்களைக் கூடுதலாகக் கரைக்கும். ஈயத்துக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீர் மூலத்தை மாற்றி, அரிப்புத் தடுப்பு ரசாயனம் சேர்க்காமல் விட்டபோது மக்கள் முதலில் புகார் சொன்னது நிறத்தைப் பற்றித்தான். இயந்திர உதிரிகள் அரிக்கின்றன என்று அங்கிருந்த கார் எஞ்சின் தொழிற்சாலை அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரைக் கைவிட்டது. நகரம் பழைய மூலத்துக்குத் திரும்பியது 2015 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் நிறத்தின் பின்னால் நிறமில்லாத ஈயம் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சரிசெய்வதில் செலவு குறைந்ததிலிருந்து மேலே போவதே புத்தி. மாடித் தொட்டியைக் கழுவுவது முதல் வேலை. தொட்டியின் அடித்தளத்தோடு ஒட்டி வைத்த வெளியேற்றுக் குழாயை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினால், அடியில் தங்கும் வண்டல் கீழே இறங்காது. போர் தண்ணீர் தொட்டிக்குள் குழாயாக இறங்காமல் மேலிருந்து சிதறி விழும்படி செய்தால் காற்றுப் பட்டு இரும்பு அங்கேயே துருவாகித் தங்கும். புரட்டாசிக் கடைசியில் கீசரைக் காலிசெய்ய வேண்டும். அதற்கு முன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, தண்ணீர் ஆறும்வரை காத்திருப்பது கட்டாயம். தண்டைக் கழற்றிப் பார்ப்பதை அனுபவமுள்ளவரிடம் விட வேண்டும். கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் புதிது போடச் சொல்லலாம். இவ்வளவுக்கும் பிறகு காவி நின்றபாடில்லை, வாளிச் சோதனையும் போரைக் காட்டுகிறது என்றால்தான் இரும்பு நீக்கும் ஃபில்டர் பற்றி யோசிக்க வேண்டும். சாஃப்ட்னரை இதற்கு வாங்குவது தவறு. அதன் ரெசினில் இரும்பு ஏறினால் முதலில் சாஃப்ட்னர் பாழாகும்.

ஃபில்டருக்குப் பணம் போடுமுன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடங்களிலும் தனியார் கூடங்களிலும் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். இதில் அடிக்கடி நடக்கும் பிழை மாதிரி எடுப்பதில் இருக்கிறது. தெளிவாகப் பிடித்த போர் தண்ணீரை இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால் இரும்பு துருவாகிப் புட்டியின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துச் சோதித்தால் அறிக்கையில் இரும்பு குறைவாகவே வரும். இதற்காகவே அமிலம் இட்ட புட்டியைக் கூடத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். போரிலிருந்து நேராக ஒன்று, மாடித் தொட்டியிலிருந்து ஒன்று, காலை முதல் வெந்நீரில் ஒன்று என்று மூன்று புட்டிகள் எடுத்து, எந்த இடம், எத்தனை மணி என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, எந்த இடத்தில் இரும்பு தாவி ஏறியது என்று அறிக்கையைப் பார்த்தாலே தெரியும்.